வினாவும் விடையும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பாக நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்விக் குழுவினர் எமக்கு இட்ட பணி சிறிது புதுமையானது. இலண்டன் மாநகரத்து வணிகச் சட்ட நிறுவனங்களில் பயிற்சியிடம் வேண்டுவோர், அந்நிறுவனங்களின் விண்ணப்பப் படிவத்துள் கேட்கப்படும் வினாக்களுக்கு எங்ஙனம் விடையெழுதுதல் வேண்டும் என்பதுபற்றிப் பேசுக என்றனர். இதற்கு ஒரு பாரிஸ்டரை அன்றோ அழைத்தல் வேண்டும், தமிழாசிரியர்க்கு இதனுள் என்ன வேலை என்று பெரியோர் சிலர் எண்ணுதல் கூடும். யாமும் அவ்வாறே எண்ணி முதலில் மறுத்தேம். ஆயினும், கடந்த சில ஆண்டுகளாக நம் பிள்ளைகள் எழுதும் விண்ணப்பங்கள் கல்விக் குழுவின் மேசைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் படித்துப் பார்த்ததில் ஓர் உண்மை புலனாயிற்று. அவர்களுடைய ஆங்கிலத்தில் குறையில்லை. சட்ட அறிவிலும் குறையில்லை. கேட்டது ஒன்று, விடுத்த விடை மற்றொன்று; குறை அங்கேயே உளது. வினாவும் விடையும் இலக்கணத்தின்பாற் பட்டவை ஆதலின், அதனைக் கற்பிப்பதையே தொழிலாக உடைய எமக்கு இங்கே பேசச் சிறிது உரிமை உண்டு எனத் துணிந்தேம்.

முதற்கண் அத்தொழிலின் இயல்பைச் சுருங்கச் சொல்லுவேம். இங்கிலாந்தில் வழக்கறிஞர் இரு வகையினர். மன்றத்தில் எழுந்து வாதிடுவாரைப் பாரிஸ்டர் என்ப. 1891-ஆம் ஆண்டில் காந்தியடிகள் இன்னர் டெம்பிளில் பெற்ற பட்டம் அதுவே. நம் முன்னோர் 'இலண்டனுக்குச் சட்டம் படிக்கப் போனான்' என்று கூறியதும் பெரும்பாலும் அதனையே குறித்தது. மற்றொரு வகையினர் சாலிசிட்டர். கம்பெனிகளை இணைத்தல், கடன் பத்திரம் எழுதுதல், கப்பல், காப்பீடு, வரி முதலியவற்றில் வணிகர்க்கு வழி கூறுதல் ஆகியவை இவர் தொழில். பழைய நாளில் ஓர் இளைஞன் சாலிசிட்டர் ஒருவரிடம் ஒப்பந்தம் எழுதிக்கொடுத்து, பல ஆண்டுகள் எழுத்தனாய் இருந்து பழகினான். குருவுக்குப் பணமும் கட்டுதல் வேண்டும். ஆதலின் பொருளுடையார் மக்களே பெரிதும் அதனுட் புக்கனர். பெண்களுக்கோ கதவு முழுதும் அடைபட்டிருந்தது. சட்டம் கூறும் 'நபர்' என்னும் சொல் பெண்டிரைக் குறியாது என 1913-இல் அந்நாட்டு மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. 1919-இல் சட்டம் மாறிற்று. 1922 டிசம்பரில் காரி மாரிசன் என்னும் அம்மையார் முதற் பெண் சாலிசிட்டராகப் பதிவு பெற்றார். ஒரு சொல்லின் பொருளை எவர் வரையறுக்கின்றார் என்பதில் எத்துணை வாழ்வு தங்கியிருக்கின்றது என்பதை இங்குள்ள தாய்மார்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

இக்காலத்து முறை வேறு. 2021 செப்டம்பர் முதல், சாலிசிட்டர் தகுதித் தேர்வு என்னும் பொதுத் தேர்வு நடைமுறைக்கு வந்துளது. அதன் முதற் பகுதியில் 360 வினாக்கள். ஒவ்வொன்றும் பல விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுப்பது. இரண்டாம் பகுதியில் எழுத்தால் 12, வாயால் 4, ஆகப் 16 செய்முறைப் பயிற்சிகள். இவற்றோடு இரண்டாண்டு பணிப் பழக்கமும் வேண்டும். தேர்வுக் கட்டணம் மட்டுமே நாலாயிரம் பவுனுக்கு மேலாகும். பெரிய வணிகச் சட்ட நிறுவனங்கள் தாம் தெரிந்தெடுத்த பயிற்சியாளர்க்கு இக்கட்டணத்தையும், படிக்குங்காலத்து உணவு உறையுட்கு ஓரளவு பொருளையும் தாமே தருகின்றன. பயிற்சிக் காலம் பொதுவாக இரண்டாண்டு. அதனை ஆறாறு மாதமாக நான்கு கூறு செய்து, நான்கு துறைகளில் இருந்து பழகுவர். வேலை தொடங்குதற்கு ஏறக்குறைய இரண்டாண்டு முன்னரே இவ்விடங்கட்கு ஆள் எடுக்கின்றனர். சட்டமல்லாத பிற பாடம் பயின்றாரையும் ஏற்கின்றனர்; அவர்க்கு முதலில் ஓராண்டுச் சட்டப் படிப்பு உண்டு. ஆகவே வரலாறோ பொருளாதாரமோ கணிதமோ படிக்கும் நம் பிள்ளைகளும் இதற்கு உரியர். இச்செய்தி நம்மவருட் பலர்க்கு இன்னும் எட்டவில்லை. பொருளில்லாக் குடியிற் பிறந்தாரும் பிறர் பொருளால் ஒரு தொழிலைக் கற்றல் கூடும் என்பதனாலேயே, இப்படிவத்தின் சில நூறு சொற்களுக்கு இத்துணை மதிப்பு.

இனிப் படிவத்திற்கு வருவேம். நிறுவனத்துக்கு நிறுவனம் சொல் வேறுபடினும் வினாக்கள் ஏறத்தாழ நான்கு வகைப்படும். வணிகச் சட்டத்தை ஏன் விரும்பினீர் என்பது ஒன்று. பிற நிறுவனங்களை விட்டு எம்மை ஏன் நாடினீர் என்பது ஒன்று. பிறரோடு கூடி உழைத்தோ, இடையூற்றை வென்றோ, தோல்வியுற்றோ நின்ற ஒரு நிகழ்ச்சியைக் கூறுக என்பது ஒன்று. அண்மையில் நிகழ்ந்த வணிகச் செய்தி ஒன்றைக் கூறி, அஃது எம்மிடம் வருவாரை எங்ஙனம் பாதிக்கும் என விளக்குக என்பது ஒன்று. ஒவ்வொன்றிற்கும் பெரும்பாலும் இருநூறு அல்லது முந்நூறு சொல்லே அளவு.

நன்னூலார் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தமையை நாம் பள்ளியிற் படித்திருக்கின்றோம்; படித்து மறந்தும் இருக்கின்றோம். தான் அறிந்திருந்தும் பிறன் அறிவானோ என்று ஆசிரியன் கேட்பது அறிவினா. தான் அறியாததை அறியக் கேட்பது அறியா வினா. நம் மாணாக்கர் 'எம்மை ஏன் நாடினீர்?' என்பதனை அறிவினாவாகக் கொண்டுவிடுகின்றனர். நிறுவனம் தன் பெருமையைத் தான் அறியும். அதனை இவர் சரியாக ஒப்பிக்கின்றாரா என்று சோதிப்பதாக எண்ணி, அந்நிறுவனம் தன்னைப்பற்றி எழுதியிருப்பதையே திருப்பி எழுதுகின்றனர். 'உலகப் புகழ் வாய்ந்த தங்கள் மேன்மை பொருந்திய நிறுவனம்' என்று தொடங்கிய விண்ணப்பம் ஒன்றல்ல, பல கண்டேம். பெயரை மாற்றினால் அவ்விடை எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். எனவே எதற்கும் பொருந்தாது. உண்மையில் அஃது அறியா வினா. கேட்பவர் அறியாதது தம்மைப்பற்றியது அன்று, உம்மைப்பற்றியது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேம். இலண்டனில் 'மாய வட்டம்' எனப் பட்டப்பெயர் பெற்ற ஐந்து நிறுவனங்கள் உள. அவற்றுள் 1889-இல் தோன்றிய ஸ்லாட்டர் அண்ட் மே என்பது மிகச் சில நகரங்களிலேயே கிளை வைத்துக்கொண்டு, பிற நாட்டு வேலைக்கு அவ்வந்நாட்டுச் சிறந்த நிறுவனங்களோடு நட்புக் கொண்டு நடப்பது. ஆலன் அண்ட் ஓவரி என்பதோ 2024 மே மாதத்தில் அமெரிக்க நாட்டு ஷெர்மன் அண்ட் ஸ்டெர்லிங்குடன் இணைந்து, நாற்பதுக்கு மேற்பட்ட அலுவலகங்களை உடையதாயிற்று. இரண்டும் பெரியவையே; ஆயினும் நடை வேறு. முன்னதற்கு எழுதுபவர் 'உலகெங்கும் தங்கள் கிளைகள் பரந்திருத்தலால் விரும்பினேன்' என்று எழுதினால், படித்தவர் அத்தாளை அங்கேயே மடித்து வைப்பர். இவ்வேறுபாட்டை அறிந்து, அதனுள் எது தம் இயல்புக்கு ஒத்தது, ஏன் ஒத்தது என்று கூறுவதே விடை. அறிந்தது மட்டும் போதாது. அறிந்ததைத் தம்மோடு பொருத்துதல் வேண்டும். அவ்வாறு பொருத்த இயலாத நிறுவனத்துக்கு விண்ணப்பிக்காமலே இருத்தல் நன்று. ஐம்பது நிறுவனங்கட்கு ஒரே விடையை அனுப்புவதினும், எட்டுக்கு எட்டு விடை எழுதுவது பயன் தரும்.

இனி, 'ஒரு நிகழ்ச்சியைக் கூறுக' என்னும் வினா. எட்டு விடையுள் இறுதியில் நிற்பது இனமொழி. தயிர் உளதோ என்றார்க்கு மோர் உளது என்பது போல்வது. கடைத்தெருவில் அது குற்றமன்று. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத நல்ல வணிகம். படிவத்திலோ அதுவே பெருங்குற்றம். நீர் பிறரோடு கூடி உழைத்ததைக் கூறுக என்றால், நம்மவர் தாம் தனியே பெற்ற பரிசுகளைக் கூறுகின்றனர். உற்றது உரைக்க என்றால் உறுவது கூறுகின்றனர். அஃதாவது, நடந்ததைக் கேட்டால், 'நான் எப்பொழுதும் ஊக்கத்தோடு உழைப்பேன்' என்று நடக்கப்போவதை எழுதுகின்றனர். 'உழைப்பேன்' என்பது உறுதிமொழி, சான்று அன்று. சட்டத் தொழிலுக்கு ஆள் தேடுவார் சான்றில்லாத கூற்றை ஏற்பரோ?

இவ்வகை விடைக்கு அந்நாட்டார் 'ஸ்டார்' என ஒரு சுருக்கப் பெயர் வழங்குகின்றனர். நிலைமை, பொறுப்பு, செயல், விளைவு என்பன அதன் நான்கு உறுப்பு. இவற்றுள் நிலைமையும் பொறுப்பும் சேர்ந்து கால் பங்கே இருத்தல் வேண்டும், செயலே உடல். நம்மவரோ முந்நூறு சொல்லில் இருநூற்றைக் கல்லூரி விழாவின் சிறப்பை விரிக்கச் செலவிட்டு, தாம் செய்ததை ஒரு வரியில் முடிக்கின்றனர். மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் என்னும் இரு குற்றங்களையும் ஒரே விடையிற் காட்ட வேண்டின், இவ்விடைகளை வகுப்பிற்கு எடுத்துச் செல்லலாம்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லுதல் வேண்டும். அதன் பொருட்டே இப்பேச்சை ஏற்றேம். நம் சங்கத்து உறுப்பினர் ஒருவர் பருப்பு மண்டி வைத்திருக்கின்றார். அவர் மகள் சட்டக் கல்லூரியில் ஐந்தாண்டுப் படிப்பின் ஈற்றாண்டில் ஐந்து இலண்டன் நிறுவனங்கட்கு விண்ணப்பம் எழுதி எம்மிடம் காட்டினாள். இடையூற்றை வென்ற நிகழ்ச்சியாக அவள் எழுதியிருந்தது, கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கு மண்டபம் கிடையாமற் போனதும் பின்னர்க் கிடைத்ததும். படித்தேம், உயிரில்லை. 'அம்மா, உன் வாழ்நாளில் மெய்யாகவே உறக்கங் கெட்டது எப்பொழுது?' என்று வினவினேம். சிறிது நேரம் பேசாதிருந்து, '2017-இல், அப்பாவின் மண்டியில்' என்றாள்.

அவ்வாண்டு ஜூலை முதல் நாள் சரக்கு சேவை வரி வந்தது. அப்பொழுது அவள் பதினோராம் வகுப்பு. பதிவு செய்த வணிகக் குறி இட்ட பருப்புப் பைக்கு நூற்றுக்கு ஐந்து வரி, குறியில்லாததற்கு வரியில்லை. ஒரே ஆலைப் பருப்பு, ஒரே நிறம், ஒரே எடை. ஒன்றுக்கு வரி உண்டு, மற்றதற்கு இல்லை. சில்லறைக் கடைக்காரர், மண்டிக்காரர் தம்மை ஏய்க்கின்றார் என்றே எண்ணினர். முப்பதாண்டு கொள்முதல் செய்த ஒருவர் கணக்கை முடித்துக்கொண்டு செல்வேன் என்றார். பள்ளி விட்டு வந்த இப்பெண், அரசாங்க அறிவிப்பைத் தானே எழுத்தெண்ணிப் படித்து, மண்டியின் சரக்கை இரண்டு பட்டியலாகப் பிரித்து, இரண்டு பில் புத்தகம் போட்டுத் தந்தாள். அம்முதியவர்க்கு இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டி, குறியிட்ட பை வாங்கினால் இவ்வளவு, குறியில்லாதது வாங்கினால் இவ்வளவு, உம் கடைக்கு வருவார் எதனைக் கேட்பார் என்று நீரே முடிவு செய்க என்றாள். அவர் பாதிப் பாதியாக வாங்கிச் சென்றார், இன்றும் வாங்குகின்றார்.

அவையோரே, வணிகச் சட்டம் என்பது இதுவன்றி வேறு யாது? விதியைப் படித்தல், அதன் எல்லைக்கோடு எங்கே செல்கின்றது எனக் காணுதல், கட்சிக்காரர்க்கு வழிகளையும் அவற்றின் விலையையும் கூறுதல், முடிவை அவரிடம் விடுதல். வணிகச் சட்டத்தை ஏன் விரும்பினாய் என்னும் முதல் வினாவிற்கும் இதுவே விடை. 'இதனை ஏன் எழுதவில்லை?' என்றேம். 'அப்பா வேண்டாமென்றார்' என்றாள். பெண்பிள்ளையைக் கடையில் உட்காரவைத்தான் என்று ஊரார் சொல்லுவர்; சீமைக்காரனோ பருப்பு மண்டியா என்று நகைப்பான்; இஃது அவர் கருத்து. அவர் இங்கேயே அமர்ந்திருக்கின்றார். அவர் இசைவு பெற்றே இதனைக் கூறுகின்றேம்.

நம்முள் இவ்வெண்ணம் அவர் ஒருவர்க்கே உரியதன்று. நம் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் தந்தையின் தொழில் வரவேண்டிய இடம் வெறுமையாகவே கிடக்கின்றது. கடையால் வந்த பணத்தில் படித்த பிள்ளை, கடை என்னும் சொல்லை எழுதக் கூசுகின்றது. கூசும்படி நாமே பழக்கியிருக்கின்றோம். அந்நாட்டு நிறுவனங்கள் பலவோ, பெற்றோர் பல்கலைக்கழகம் சென்றனரா, எத்தகைய பள்ளியிற் படித்தீர் என்று தாமே கேட்டு, விண்ணப்பிப்பவர் தொடங்கிய இடத்தையும் கருதி மதிப்பெண்ணை நோக்குகின்றன. அவ்வினாவை நம்மவர் இழிவாகக் கருதிக் 'கூற விரும்பவில்லை' என்று குறித்துவிடுகின்றனர். கேட்பது இகழ்தற்கு அன்று, அளத்தற்கு.

அப்பெண் விடையை மாற்றி எழுதினாள். ஐந்தனுள் ஒன்று அவளை நேர்காணலுக்கு அழைத்தது, நான்கு மறுத்தன. அழைத்த நிறுவனத்தில் மண்டியைப் பற்றியே நெடுநேரம் வினவினராம். எனினும் இறுதியில் இடம் கிடைக்கவில்லை. இப்பொழுது சென்னையில் ஒரு வழக்கறிஞரிடம் பணி செய்துகொண்டே மறுபடியும் எழுதுகின்றாள். இதனை மறைத்து, வெற்றிக் கதையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓரிடத்திற்குப் பலர் போட்டியிடும் தொழிலில் மறுப்புக் கடிதம் வருவது இயல்பு என்பதனைப் பெற்றோர் அறிந்திருத்தல் நலம். மறுப்பு வந்த அன்று இரவு வீட்டில் உணவு சமைக்காது விடுதல் வேண்டா.

தன்னைப்பற்றி எழுதுதல் பற்றி ஒரு சொல். யாம் 'யாம்' என்றே பேசிப் பழகியேம். மேடைக்கு அது தகும், படிவத்திற்குத் தகாது. 'நாங்கள் செய்தோம், எங்கள் குழு முடித்தது' என்று எழுதினால் அதனுள் உம் கை எது எனப் படிப்பவர்க்கு விளங்காது. தற்புகழ்ச்சி ஆகாது என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகட்கு 'நான்' என்னும் சொல் தொண்டையில் நிற்கின்றது. அவர்க்கு நன்னூலாரே விடை தந்திருக்கின்றார். அரசவைக்கு ஓலை எழுதும்பொழுதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வெல்ல வேண்டிய இடத்தும், பிறன் தன்னைப் பழித்த இடத்தும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்பது அவர் விதி. விண்ணப்பம் என்பது ஓலை. படிப்பவர் உம் ஆற்றலை அறியாதவர். நான்கனுள் இரண்டு இங்கே கூடியிருக்கும்பொழுது இனிக் கூச்சம் எற்றுக்கு? ஆயினும் புகழ்ச்சி செயலால் வருக, அடைமொழியால் வேண்டா.

வணிகச் செய்தி வினாவில் நம்மவர் செய்தித்தாளைச் சுருக்கித் தருவதோடு நின்றுவிடுகின்றனர். 2021 மார்ச் 23-ஆம் நாள் எவர் கிவன் என்னும் கப்பல் சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கிற்று. நானூறு மீட்டர் நீளம். ஆறு நாள் வழி அடைபட்டது. இஃது எல்லார்க்கும் தெரியும். சட்ட நிறுவனத்தார் கேட்பது, யாருக்கு எவர் கடன்பட்டார் என்பது. கப்பலின் உரிமையாளர் ஜப்பானியர். அதனை ஓட்டியது தைவான் நாட்டு எவர்கிரீன். கப்பலைக் காப்பாற்ற ஆன செலவைச் சரக்குடையார் அனைவரும் தத்தம் சரக்கின் மதிப்புக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும் என்னும் பழைய கடல் வணிக விதியை உரிமையாளர் நாடினார். ஆகவே அக்கப்பலில் ஒரே ஒரு பெட்டி வைத்திருந்த சிறு வணிகரும், தம் பெட்டிக்கு ஒரு தீங்கும் இல்லாதிருந்தும், பிணை கொடுத்தன்றி அதனைப் பெற இயலாதாயினார். இறக்குமதி செய்யும் நம்மவர் எத்தனை பேர் இதனை அறிவர்? காப்பீடு செய்தார் கவலையின்றி இருந்தனர். செய்யாதார் தம் கைப்பொருளைக் கொடுத்தனர். மீட்ட நிறுவனத்துக்கும் உரிமையாளர்க்கும் கூலி பற்றி ஒப்பந்தம் ஏற்பட்டதா என்னும் வழக்கு இலண்டன் கடல்வழக்கு மன்றத்துக்கு வந்தது. மின்னஞ்சலில் பேசினரேயன்றி ஒப்பந்தம் முடியவில்லை என 2023-இல் தீர்ப்பாயிற்று. 2024-இல் மேல்முறையீட்டு மன்றமும் அதனையே உறுதி செய்தது. செய்தியை இங்ஙனம் ஆளுக்கு ஆள் பிரித்துக் காட்டுவதே விடை. முந்நூறு சொல்லில் எல்லாம் அடங்கா. ஒரு கட்சிக்காரரைத் தெரிந்தெடுத்து அவர் நிலையை மட்டும் விளக்குக.

நம் நாட்டுச் செய்தியும் உதவும். அயல்நாட்டுச் சட்ட நிறுவனங்கள் இந்தியாவில் தொழில் செய்யலாமா என்னும் வழக்கு நம் சென்னை உயர்நீதிமன்றத்திலேயே எழுந்து 2012-இல் தீர்ப்புப் பெற்றது. 2018-இல் உச்சநீதிமன்றம், அவர்கள் இங்கே நிலையாகத் தொழில் நடத்தல் கூடாது, இடையிடையே வந்து தம் நாட்டுச் சட்டம் பற்றி அறிவுரை கூறிச் செல்லலாம் என்றது. 2023-இல் இந்திய வழக்கறிஞர் கழகம், மன்றத்தில் வாதிடுதல் அல்லாத சில பணிகட்கு வழிவிட்டு விதி வகுத்தது. 2025-இல் அதனைத் திருத்திற்று. இலண்டன் நிறுவனத்துக்கு எழுதும் சென்னை மாணாக்கர் இதனை அறியாதிருத்தல் தகாது.

பிறர் எழுதிய விடை விலைக்குக் கிடைக்கின்றது. செயற்கை அறிவுப் பொறிகளும் நொடியில் எழுதித் தருகின்றன. பிழையின்றித்தான் எழுதுகின்றன. ஆனால் அப்பொறிக்கு மண்டி தெரியாது, அம்முதியவரைத் தெரியாது. சில நிறுவனங்கள் இஃது என் சொந்த எழுத்தே என்று உறுதிமொழியும் வாங்குகின்றன. பொய்யுறுதி கூறிச் சட்டத் தொழிலுட் புகுவது எத்தகைய தொடக்கம் என்பதனை விளக்க வேண்டா. அன்றியும், நேர்காணலில் அவ்விடையைப் பற்றியே வினவும்பொழுது பொறி உடன் வந்து நில்லாது.

முடிவாகச் சில சிறு செய்திகள். கடைசி நாள் வரையிற் காத்திராதீர். சில நிறுவனங்கள் விண்ணப்பம் வர வர இடங்களை நிரப்புகின்றன. விடையை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை வெட்டுக. ஒரு நிறுவனத்துக்கு எழுதியதைத் திருத்தி மற்றொன்றுக்கு அனுப்புவார், பழைய பெயர் எங்கேனும் ஒட்டிக்கொண்டிருக்கின்றதா என மும்முறை நோக்குக. இத்தகைய விண்ணப்பம் இரண்டினைச் சென்ற மாதம் யாமே தடுத்தேம். கல்விக் குழுவினர் ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குச் சங்கக் கட்டடத்து மாடியில் இருப்பர். எழுதிய படியோடு வருக. எழுதாமல் வந்து 'என்ன எழுதுவது?' என்று கேட்பார்க்கு, யாம் திருப்பிக் கேட்கும் வினா ஒன்றே: உறக்கங் கெட்டது எப்பொழுது?